யானை நிற்க ஒரு தரை

யானை மறுபடியும் விழுந்துவிட்டதாம்.

வாபஸ் கணினித் திரையை முறைத்தார். காப்பீட்டு அலுவலகத்தில் யார் மனு கொடுத்தாலும் நொட்டை சொல்லித் திருப்பி அனுப்புவதால் அவருக்குக் கிடைத்த பட்டப்பெயர் அது. அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை வேறு.

மிருகக்காட்சி சாலை கட்டும் விளையாட்டு ஒன்று உண்டு. மலை, ஆறு என்று ‘மேப்’ எனப்படும் தரையை ஒருவர் உருவாக்கி இணையத்தில் பகிர்ந்தால், மற்றவர்கள் அதை இறக்கிக்கொண்டு மேலே கூண்டு கட்டி யானை, சிங்கம் எல்லாம் விடலாம். வாபஸ் பல மாதம் கண் எரிய உட்கார்ந்து ஒரு மேப் செய்திருந்தார். பனிமலை, மூன்றடுக்கு அருவி, நடுவில் ஏரி, ஏரியிலிருந்து ஓர் ஆறு. விளையாட்டின் முகப்பில் போடப்போகும் இந்த மாதத்தின் சிறந்த மேப் தன்னுடையதுதான் என்று அலுவலகம் பூராவும் தம்பட்டம் அடித்தாயிற்று. வந்ததென்னவோ ஒரே ஒரு கருத்து. போட்டவர் பெயர் ‘கரடிநேசன்’.

“ஐயா, மேற்குச் சரிவுல யானை நிக்கவே மாட்டேங்குது. உருண்டு விழுது. ஒரு ஸ்டார்தான் குடுப்பேன்.”

சரிவைக் கொஞ்சம் சீவிவிட்டார். அதற்குத்தான் இன்றைக்கு ‘மறுபடியும் விழுது’ என்று இந்தப் பதில்.

“யானைக்கு நிக்கச் சொல்லித் தரத் தெரியல, இவன்லாம் ஜூ கட்ட வந்துட்டான்!” என்று பொரிந்தார் வாபஸ்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, நீங்களே ஒருவாட்டி யானைய விட்டுப் பாத்தா என்ன?”

“வீடு கட்டுற மேஸ்திரி அதுல குடியிருந்தா பாக்குறான்? நான் படைக்கிறவன்டி.”

படைக்கிறவர் மேற்குச் சரிவை அடியோடு வழித்தெடுத்தார்.

“இன்னும் விழுது,” என்றார் கரடிநேசன். “போதாக்குறைக்கு ஏரித் தண்ணி டிக்கெட் கவுன்ட்டருக்குள்ள வருது.”

வாசலுக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு குன்றே இருந்தது. வாபஸ் தலையைச் சொறிந்தார். சரிவை வழித்ததில் தண்ணீர் எங்கேயோ திசை மாறியிருக்க வேண்டும் என்று தனக்குத்தானே பாடம் எடுத்துக்கொண்டு ஏரியைத் தூர்த்தார். ஏரி போனதும் அருவி அந்தரத்தில் தொங்கியது. அதையும் துடைத்தார்.

“பழசை எங்கயாவது எடுத்து வச்சீங்களா?” என்றாள் மனைவி.

“தப்பை யாராவது பத்திரமா வச்சுப்பாங்களா?”

அடுத்த புகார் வந்தது. “பாலத்துல வரிக்குதிரை மாட்டிக்கிச்சு.”

“பாலமா? நான் பாலமே வைக்கலையே!”

“அப்புறம் எப்படிங்க மாட்டும்?” என்றாள் மனைவி.

“அவனே கட்டியிருப்பான். ஆறு இருக்கப் போயித்தானே பாலம் கட்டுறான்? ஆறே இல்லன்னா என்ன பண்ணுவான், பாப்போம்!”

ஆறும் போனது. எத்தனையோ பேருடைய மனுக்களைப் படிக்காமலே திருப்பிய மனிதர், முகம் தெரியாத ஒருவனின் ஒவ்வொரு எழுத்துக்கும் விழுந்து விழுந்து வேலை செய்தார். அலுவலகத்தில் கேஷியர், “என்ன சார், முகப்புல இன்னும் காணோமே?” என்று சிரித்த சிரிப்பு அவரை அப்படி ஆட்டிவைத்தது.

மாதக் கடைசியில் மிஞ்சியது பனிமலை மட்டும்தான். “யானை விழறது நிக்கலையே ஐயா,” என்று அப்போதும் அழுதார் கரடிநேசன். ஒவ்வொரு பாறையும் வாபஸ் தன் கையால் வைத்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு மலையைச் சரித்தார். தரை ஆட்டுக்கல்லில் அரைத்த மாவாக வழுவழுத்தது. கேஷியரின் முகத்தில் கரி பூசும் காட்சியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தபடியே பதிவேற்றினார்.

மறுநாள் பதில் வந்திருந்தது. புகழ்மாலையைத் தன் வாயாலேயே படித்துக்கொள்வது அழகில்லை என்று பட்டது.

“இங்க வா. சத்தமா படி.”

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்:

“ஐயா, பெரிய மனசு பண்ணி மன்னிக்கணும். இத்தனை நாளா வேற ஒருத்தர் மேப்பை வச்சுக்கிட்டு உங்க பக்கத்துல வந்து புலம்பிட்டு இருந்திருக்கேன். இன்னிக்குத்தான் உங்களோடதை எறக்கிப் பாத்தேன், வெறும் தரையா கெடக்குதே, நீங்க இன்னும் வேலையையே ஆரம்பிக்கலையா?”