காந்தக்காவும் ஒட்டக் கூடாத கூடையும்

பினாங்குத் தீவையும் எதிர்க்கரையையும் சேர்த்துச் சலித்தாலும், பளபளப்பாக இருக்கும் எதையும் நம்பாத ஒரே ஆள் காந்தக்காதான். தங்கமோ வெள்ளியோ எவர்சில்வரோ, எதுவானாலும் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். தொட்டுப் பார்ப்பது கையால் அல்ல, காந்தத்தால்.

பழைய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் அது. உளுந்து வடை அளவு இருக்கும். எந்நேரமும் அக்காவின் கைப்பையில் கிடக்கும். வீட்டுச் சாவி, ஊக்கு, நகவெட்டி எல்லாம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். ஒன்றை எடுத்தால் குடும்பத்தோடு வெளியே வரும். அந்தக் காந்தத்தின் புண்ணியத்தில் அக்காவின் வங்கி அட்டை மூன்று முறை செத்துப்போனது. பிறகு அவர் தலையைக் கண்டாலே வங்கியில் புது அட்டைக்கான படிவத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

ஒருமுறை லிட்டில் இந்தியாவில் பாத்திரம் வாங்க அவரோடு போய் மாட்டிக்கொண்டேன். நல்ல எவர்சில்வரில் காந்தம் ஒட்டாது; கடைக்காரருக்கு அக்காவை ஏற்கெனவே தெரியும். அக்கா பையைத் திறப்பதற்குள், அம்மா, இந்த அடுக்கு ஒட்டும், அந்த அடுக்கு ஒட்டாது, விலையும் அதற்கேற்ற மாதிரிதான் என்று தாமாகவே வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பக்கத்தில் நின்ற நாலு பேர் கையில் எடுத்த பாத்திரங்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்கள். கடைக்காரர் எங்களுக்குக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்துச் சீக்கிரம் அனுப்பி வைத்தார்.

பட்டர்வொர்த்தில் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமா பரிசாக வைத்த வெள்ளிக் குத்துவிளக்கை எல்லாரும் வாய்பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவும் குனிந்து பார்த்தார். கைப்பை போய் விளக்கில் ஒட்டிக்கொண்டது. இழுத்தார், விளக்கும் சேர்ந்து வந்தது. மாமாவின் முகம் வெளிறிவிட்டது. அக்கா மெதுவாகப் பையைப் பிரித்து எடுத்துக்கொண்டு, “மேல வெள்ளி, உள்ள இரும்பு. பரவால்ல லா, வெளக்கு நல்லாத்தான் எரியும்” என்றார். ஆறுதலாகச் சொன்னதாகத்தான் அவர் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிப்பட்டவர் வேலை பார்த்தது எங்கே என்று கேட்பீர்கள். எதிர்க்கரையில் பிறை என்ற ஊரில், இரும்புச் சாமான்களைச் சூடேற்றிப் பதப்படுத்தும் ஒரு தொழிற்சாலையில். நான் அங்கே கொள்முதல் பிரிவில் இருந்தேன். எங்கள் அடுப்புகள் தொள்ளாயிரத்துச் சொச்சம் டிகிரியில் எரியும். அந்தச் சூட்டில் சாதாரண இரும்பு அப்பளம் மாதிரி உரிந்து உதிரும். அதனால் சாமான்களை அடுக்கி உள்ளே தள்ளும் கூடை, தட்டு எல்லாம் நிக்கல் கலந்த உலோகத்தில்தான் செய்ய வேண்டும். எந்த அடுப்புக்கு எந்தக் கலவை என்று முடிவு செய்வது காந்தக்கா. அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் வாங்க முடியும்.

அவரிடம் நான்கு கேள்விகள் இருந்தன. எவ்வளவு சூடு? உள்ளே என்ன வாயு? எவ்வளவு சுமை? எத்தனை தடவை ஆறி மறுபடி சூடாகிறது? நாலுக்கும் பதில் இல்லாமல் ஒரு ஆணியைக்கூட அனுமதிக்க மாட்டார். பதிலை மேசையிலிருந்து சொல்லக் கூடாது, அடுப்புவரை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். நான் அந்த வேலையில் சேர்ந்து ஐந்து கிலோ இளைத்ததற்கு அதுதான் காரணம்.

ஒரு மேற்பார்வையாளர், இருப்பதிலேயே விலை கூடிய நிக்கலை வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாமே என்று வாதாடினார். அவருடைய அடுப்பில் எரிந்தது கந்தகம் கலந்த எண்ணெய். நிக்கல் கூடக்கூட, சூட்டில் கந்தகம் அதை வேகமாகத் தின்றுவிடும் என்று அக்கா அரைமணி நேரம் விளக்கினார். அந்த மனிதர் அதன்பிறகு சாப்பாட்டு அறைக்குப் பின்வாசல் வழியாகத்தான் வந்தார்.

தமக்கு வரன் பார்த்தபோதும் அக்கா இதே கேள்விகளைத்தான் கேட்டாராம். மாப்பிள்ளைக்குக் கோபம் எவ்வளவு, வீட்டில் என்ன காற்று வீசுகிறது, தலையில் என்ன சுமை, சண்டை வந்தால் எப்போது ஆறுவார். மூன்று பேர் காப்பி ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். நான்காவதாக வந்த பள்ளிப் பேருந்து ஓட்டுநர், யோசித்துச் சொல்கிறேன் என்று போய், ஒரு தாளில் நாலு பதிலையும் எழுதிக்கொண்டு வந்தார். கெப்பாலா பத்தாஸில் இருவரும் சௌக்கியமாகக் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இனி என்னால் சிரிக்க முடியாத பகுதி.

ஒரு தீபாவளிச் சமயத்தில் இருபது கூடைகள் வாங்கினோம். ஆறே மாதத்தில் அவை வளைந்து, கம்பிகள் பொடுக்கென்று ஒடிய ஆரம்பித்தன. அதற்குள் அக்காவின் வியாதி தொழிற்சாலை முழுக்கத் தொற்றியிருந்தது, ஆளுக்கொரு காந்தம் வைத்திருந்தார்கள். ஒருவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருந்த கொம்தார் கோபுரப் படக் காந்தத்தைக் கொண்டுவந்து உடைந்த கூடையில் வைத்தார். ஒட்டிக்கொண்டது. நாங்கள் வாங்கிய நிக்கல் கலவையில் காந்தம் ஒட்டவே கூடாது.

மத்தியானத்துக்குள் கதை முடிந்துவிட்டது. நிக்கல் என்று சொல்லி இரும்பை விற்றிருக்கிறார்கள், நான் காசு சாப்பிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன் என்று எல்லாரும் பேசினார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களே தட்டோடு மேசை மாறினார்கள். மேனேஜர் மறுநாள் விசாரணை வைத்தார். வேலை போனால் வேறு வேலை தேடலாம். திருடன் என்ற பெயரோடு பிறையில் எந்த வாசலில் போய் நிற்பது? அன்று வீட்டில் என்னால் மனைவியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

விசாரணைக்கு அக்கா இரண்டு கூடைகளோடு வந்தார். ஒன்று உடைந்தது. மற்றது அதே இருபதில் ஒன்று, ஸ்டோரில் உபயோகிக்காமல் கிடந்தது. புதியதில் காந்தத்தை வைத்தார், வழுக்கி விழுந்தது. உடைந்ததில் வைத்தார், ஒட்டியது. சரக்கு சரியான நிக்கல் கலவைதான், அடுப்புதான் அதை மாற்றியிருக்கிறது என்றார். அந்த அடுப்பில் முன்பு வெறும் காற்றுதான் இருந்தது. பிறகு பல்சக்கரங்களின் மேல்தோலைக் கடினமாக்கும் வேலையை அங்கே மாற்றி, கரி கலந்த வாயுவை உள்ளே விட ஆரம்பித்திருந்தார்கள். அந்தக் கரி உலோகத்துக்குள் ஊறி, அதிலிருந்த குரோமியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. மிச்சம் இருந்த உலோகத்தைக் காந்தம் இழுத்தது. கரி வாயு என்று தெரிந்திருந்தால் நிக்கல் இன்னும் கூடுதலான கலவையைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும் என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். என் பெயர் சுத்தமாகிவிட்டது. அடுப்புக்காரர்கள் தகவல் சொல்லவில்லை என்று பழியை அந்தப் பக்கம் தள்ளியிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள். அக்கா கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். என்ன வாயு என்ற கேள்விக்கு நேரே, அவருடைய கையெழுத்தில், ‘காற்று’ என்று இருந்தது.

“வேலைய மாத்துனது நான் எழுதுறதுக்கு மூணு வாரத்துக்கு முன்ன. எறங்கிப் போயிப் பாக்காம, பழைய தாளப் பாத்து எழுதிட்டேன். சப்ளையர் மேல தப்பில்ல, தம்பி மேலயும் தப்பில்ல. தப்பு என்னோடது” என்றார்.

ஊரையே நடக்க வைத்தவர் அன்று மட்டும் ஏன் நடக்கவில்லை என்று மேனேஜர் கேட்டார். காரணம் எனக்குத் தெரியும். அது தீபாவளிக்கு முந்தின நாள் மத்தியானம். அவர் மேசையருகே கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்று, தீவுக்குப் போகும் பாலத்தில் நெரிசல் ஆகிவிடும், கையெழுத்தைச் சீக்கிரம் போடுங்கள் அக்கா, சீக்கிரம் போடுங்கள் என்று நச்சரித்தது நான். பாலம் ஏறி ஜார்ஜ் டவுன் போக வேண்டியவனும் நான்தான், அவர் அல்ல. அக்கா என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தாளை மடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை.

அக்காவின் கையெழுத்து அதிகாரத்தை எடுத்துவிட்டு, ஸ்டோரில் சாமான் கொடுக்க உட்கார வைத்தார்கள். அடுத்த கூடைகளுக்கு எந்தக் கலவை என்று சொன்னது அவர்தான், கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. முன்பு அவரைக் கண்டு ஒளிந்தவர்கள் இப்போது சாப்பாட்டு அறையில் அவர் காதுபடவே சிரித்தார்கள். அவர் அங்கே வருவதை நிறுத்திக்கொண்டார்.

இரண்டாம் நாள் என் சாப்பாட்டுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தேன்.

“அவசரப்படுத்துனது நான்னு சொல்லியிருக்கலாமே அக்கா.”

“நீ அவசரப்படுத்துன. கையெழுத்து போட்டது என் கை. ரெண்டையும் போட்டுக் கொழப்புனா அடுத்த கூடையும் வளஞ்சிரும் தம்பி. சாப்புடு.”

அன்று மாலையே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவசரப்படுத்துவது குற்றம் என்று விதிப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரு வருடம் கழித்து அக்காவுக்கு அந்த அதிகாரம் திரும்பக் கிடைத்தது. அதுவரை தினமும் அந்தப் பெட்டிமேல் உட்கார்ந்துதான் மத்தியானச் சாப்பாடு. முதல் வாரம் பரிகாரம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு, அக்கா இல்லாத இடத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.