மாமி சொல்லி அனுப்பியது

பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது. என் மனைவி சுல்பிகா ஏறி, ஜன்னலோரம் பிடித்து இருந்துவிட்டாள். எனக்கு ஒரு கால் படியில், ஒரு கால் பதுளை மண்ணில்.

"ஓமா, இல்லையா? முதலாளிக்கு இப்பவே சொல்ல வேணும் மச்சான்," என்றான் றஸாக்.

றஸாக் என் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. மனைவி நதீராவோடு பதுளையில் இருக்கிறான்; அங்கே ஒரு புடவைக் கடையில் வேலைக்கு நிற்கிறான். சனி, ஞாயிறு தங்கிப் போக எங்களைக் கூப்பிட்டவன், அதே கடையில் எனக்கு வேலையும் பார்த்து வைத்திருந்தான். கடைக்குப் பின்னால் இருக்க ஒரு வீடும் தருவார்களாம்.

வீடு! எனக்குப் பத்தொன்பது வயது. எஸ்.எஸ்.ஸி. தேறவில்லை, கலியாணம் தேறிவிட்டது. எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடு அவளுடைய சீதனம். கட்டில், கதிரை, கிணறு எல்லாம் அவளுடையது. மாமியோ மருமகனுக்கு முன்னால் வரமாட்டா. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்லுவா, மகள் என்னிடம் சொல்லுவாள். நாலு மாதமாக மாமியின் முகம் நான் கண்டதில்லை. கட்டளைதான் கண்டிருக்கிறேன்.

வந்த சனிக்கிழமை விடிய றஸாக் வீட்டுக் கதவைத் திறந்தால் பதுளையையே காணவில்லை. ஒரே பனி. அதற்குள்ளிருந்து முதலில் ஒரு மரம் வந்தது. பிறகு ஒரு கூரை. பிறகு பாதி மலை. எங்கள் ஊரில் வெயில், மணல், கடல் எல்லாம் ஒரேயடியாகத் தெரிந்துவிடும். இங்கே ஊரே யோசித்து யோசித்துத்தான் வெளியே வருகிறது. நானும் அந்தப் பனிக்குள் ஒரு வீடு கட்டினேன். என் கூரை. என் கதிரை. அதில் நான், கால் மேல் கால் போட்டபடி.

"இஞ்ச பாருங்க, உள்ள வாங்க. பனிக்குள்ள நிக்கப்படாதெண்டு உம்மா சொல்லி அனுப்பினா," என்றாள் சுல்பிகா. உம்மா என்றால் என் மாமி.

"சரி."

"நதீராக்குக் கை நோகுதாம். தேங்காயத் திருவிக் குடுங்க."

"அதுவும் உம்மா சொன்னாவா?"

"ஓம்."

"நூறு மைலுக்கு அங்கால இருக்கிற உம்மாக்கு நதீராட கை நோவு எப்படித் தெரியும்?"

"தெரிஞ்சபடியாத்தானே முன்கூட்டியே சொல்லி அனுப்பினா!"

நதீரா குசினிக்குள் சிரித்தாள். நான் தேங்காய் திருவினேன்.

இப்போது பஸ் ஜன்னலால் சுல்பிகாவின் தலை நீண்டது.

"ஆராவது வேலை கீலை எண்டு கேட்டா, வேணாமெண்டுட்டு பஸ்ஸில ஏறட்டாம். உம்மாட கட்டாயச் சொல்லு!"

"இல்ல மச்சான்," என்றேன் றஸாக்கிடம். ஏறினேன். பஸ் இறங்க இறங்க, வளைவுக்கு வளைவு என் வீடு பனிக்குள் கரைந்தது. முதலில் கூரை போனது. பிறகு கதிரை. கடைசியில் கால் மேல் போட்ட கால்.

வீட்டுக்கு வந்ததும் பொறுக்கவில்லை. வழக்கமாவது மண்ணாவது! நேரே கதவைப் பார்த்துக் கத்தினேன்.

"மாமி! நீங்க வேணாமெண்டதால நல்ல தொழிலொண்ட உட்டுட்டு வந்திருக்கன்!"

சுல்பிகாவுக்குத் திடீரெனக் கிணற்றடியில் வேலை வந்துவிட்டது. கதவுக்குப் பின்னால் காப்புச் சத்தம். பிறகு முதன்முதலாக எனக்கே நேராக மாமியின் குரல்.

"நான் எங்க மகன் வேணாமெண்டன்? தொழில் கிடைச்சா அங்கயே நில்லுங்க, இவள் என்னத்தச் சொல்லிக் கூப்பிட்டாலும் வந்திராதீங்க எண்டு இவளிட்டத்தானே சொல்லி அனுப்பினன்!"