மாமனார் பெயரில் ஒரு பட்டைப் பாம்பு

பெயர்சூட்டி என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. இரண்டு கால், ஒரு மூக்குக் கண்ணாடி, சட்டைப் பையில் மூடி போடாத ஒரு பேனா. பையில் கசிந்திருக்கும் மை வட்டத்தை வைத்தே தூரத்திலிருந்து இதை அடையாளம் காணலாம். எதைக் கண்டாலும் முதலில் பெயர் வைக்கும். பார்ப்பதெல்லாம் பிறகுதான். பிறகாவது பார்க்குமா என்பதும் சந்தேகம்.

நல்ல மாதிரி ஒன்று வேண்டுமா? அருங்காட்சியகத்தின் பாம்புப் பிரிவுக்கு வாருங்கள். அங்கிருக்கும் பெயர்சூட்டிக்கு ஒரு மாமனார். முதன்முதலில் சந்தித்த அன்றே, காபி ஆறுவதற்குள், மருமகனை ஏற இறங்கப் பார்த்து 'உதவாக்கரை' என்று முடிவு கட்டியவர். அந்தப் பெயரைக் கழற்ற மருமகன் படாத பாடு பட்டார். ஒழுகும் குழாயைச் சரிசெய்தார், நின்றுபோன காரைத் தள்ளினார், பரணில் ஏறினார். பெயர் அசையவில்லை.

அப்போதுதான் பாலைவனத்திலிருந்து அந்தக் குட்டிப் பாம்பு வந்து சேர்ந்தது. மணல் நிற உடம்பு, குறுக்கே கறுப்புப் பட்டைகள். அதே தலையும் அதே செதிலும் உள்ள பாம்பினம் ஒன்று ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்குப் பட்டை மட்டும் கிடையாது. வேறொருவர் என்றால் குட்டி வளரட்டும் என்று காத்திருப்பார். நம்மவர் புது இனம் என்று அறிவித்தார், மாமனார் பெயரை வைத்தார், பத்திரிகையில் வந்த செய்திக்குச் சட்டம் போட்டு மாமனார் வீட்டுச் சுவரில் தானே ஆணியடித்து மாட்டினார். அதுவரை கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடும் மாமனார், அன்று "வாங்க மாப்ளே" என்றார்.

பாம்பு சும்மா இருந்திருக்கலாம். அது எலி தின்றது, தோலுரித்தது, வளர்ந்தது. ஒவ்வொரு தடவை உரிக்கும்போதும் பட்டை மங்கியது. பெயர்சூட்டி விளக்கைக் குறை சொன்னார், மாற்றினார்கள். பாம்புப் பெட்டியின் கண்ணாடி அழுக்கு என்றார், துடைத்தார்கள். பட்டை இல்லாதது இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

இந்த நேரம் பார்த்து மாமனார், இஸ்திரி போட்ட சட்டையும் கூடவே மகளுமாக, தன் பாம்பைப் பார்க்க வந்துவிட்டார். குனிந்தார். ஒரு கீறல்கூட இல்லாத மணல் நிறப் பாம்பு.

"பட்டை எங்க மாப்ளே?"

குட்டியில் இருந்த பட்டை, வளர்ந்ததும் போய்விட்டது, அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? ஆனால் சொன்னால் பாம்பு பழைய இனத்துக்குத் திரும்பும். மருமகனும் பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும்.

"இது வேற இனம் மாமா. பட்டையே இல்லாதது. இதுக்கு அத்தை பேர் வைக்கலாம்னு இருக்கேன்."

மனைவி சுற்றுமுற்றும் பார்த்தாள். ஒரே பெட்டி, ஒரே பாம்பு.

"போன மாசம் வரைக்கும் இது எங்கப்பா. இப்ப எங்கம்மாவா?"

மாமனார் படியிறங்கும்போது மகளிடம் ஒன்றுதான் சொன்னாராம்: "நான் அன்னிக்கே சொன்னேன்ல?" இப்போது மாமனார் வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

சிரிக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தில் பெயர்சூட்டி ஒருவர்தானா என்று கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் அலுவலகத்திலும், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே 'திமிர் பிடித்தவள்' என்று நீங்கள் முடிவு கட்டிய ஒருத்தி இருப்பாளே? அதற்கப்புறம் அவளை எப்போதாவது சரியாகப் பார்த்தீர்களா? அந்தப் பட்டை இன்னும் இருக்கிறதா?

எதற்கும் உங்கள் சட்டைப் பையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மை கசிந்திருக்கப்போகிறது.