படகில் ஒரு ஆளா, ரெண்டு பேரா?

எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் 'தள்ளி நில்லு' என்று பட்டப்பெயர் வாங்கிய மனுஷன் மாதிரி ஓர் இம்சையை எந்தத் தாயும் பெற்றிருக்க மாட்டாள். ஃபேக்டரியில் ராணுவ வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். எனக்குப் பக்கத்து வீடு. என் தலையெழுத்து.

யாரோ கொடுத்த வெளிநாட்டுக் காலண்டரிலிருந்து ஓர் ஆற்றுப் படத்தைக் கிழித்து ஹாலில் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியமாம். எனக்கு மழையில் ஊறிய சுவர் மாதிரி இருந்தது. சொல்லியும் விட்டேன்.

"கிட்ட பாத்தா அப்டித்தான்யா. வண்டிக்கு நான் அடிக்கிற பச்சைத் திட்டும் கிட்ட பாத்தா அழுக்கு, தூரத்துல தோப்பு. தள்ளி நில்லு!"

அந்த ஹாலில் தள்ளி நிற்க ஏது இடம்? வாசலைத் தாண்டி, தெருக்குழாய் வரை ஆளை நகர்த்திக்கொண்டு போவார். அங்கிருந்துதான் விளக்கம்.

"அக்கரையில பொக கீதா? ஃபேக்டரி. சங்கு ஊதிட்டான். படகுல போறவன் ஒண்டியாளு. ஷிப்ட்டுக்கு லேட்டு, பாவம்."

பால்காரர், போஸ்ட்மேன் யாரும் தப்பவில்லை.

அவருக்கு ஒரே பெண், செல்வி. தாயில்லாப் பிள்ளை. வந்த வரனெல்லாம் தட்டிப்போய், கடைசியாகக் கரையான்சாவடியிலிருந்து நல்ல இடம் வந்தது. இதுவும் போய்விடக் கூடாதே என்று தெருவே வேண்டிக்கொண்டது. மனுஷன் என்ன செய்தார்? உள்ளே பஜ்ஜி ஆற, வந்தவர்கள் அத்தனை பேரையும் வெயிலில் நிறுத்திவிட்டார்.

"இன்னாய்யா இது? பொண்ணு பாக்க வந்தமா, படம் பாக்க வந்தமா?" என்று மாப்பிள்ளையின் அம்மா கத்தினார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யோவ், பொண்ணு வாழ்க்கையில மண்ணள்ளிப் போடாத!" என்று அவர் காதில் சீறினேன்.

"இரு மச்சான். பையனுக்குப் பொறுமை கீதான்னு பாக்க வாணாவா?"

பையன் பின்னால் நகர்ந்து நகர்ந்து, குழாயடி வாளிக்குள் காலை விட்டான். ஈர பேன்ட்டோடு கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

"மாமா, படகுல ரெண்டு பேரு கீறாங்க."

செல்வி வாசலுக்கு வந்தாள்.

"நானும் சின்னதுலேர்ந்து அதான் சொல்லிகினு கீறேன். எங்க நைனா ஒத்துக்கவே மாட்டாரு."

யார் சொன்னாலும் மசியாத மனுஷன் படத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேருதாம்மா" என்றார்.

கல்யாணம் முடிந்து புறப்பட்ட வேனில், போர்வையில் சுற்றிப் படத்தையும் ஏற்றினார். "உங்க ஹாலு பெருசு. உள்ளேயே நின்னு பாக்கலாம்."

"அய்ய, இது வேறயா!" என்றார் சம்பந்தியம்மா.

வேன் போய்விட்டது. மனுஷன் வீட்டுக்குள் போகாமல் நின்றுகொண்டே இருந்தார். நன்றாக நாலு வார்த்தை திட்டத்தான் கிட்டே போனேன்.

"ஏன்யா, சாப்ட்டியா?" என்றுதான் வாயில் வந்தது.