மூடி மாமாவை விட்டு ஓடியவர்கள்

ஒரு கிளைகூடத் திறக்காமல் மூன்று தேசங்களில் கிளை வைத்திருந்த முதலாளி இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான் இருந்திருக்க முடியும். அவர் ஃபிஜித் தீவு லவுத்தோக்கா நகரத்து மூடி மாமா. கிளை திறந்த ஒவ்வொருவரையும் அவர் வாயாரத் திட்டினார். அவர் திட்டத் திட்ட அவருடைய கொழுக்கட்டைக் கடை வளர்ந்தது. இன்றைக்கு ஆக்லாந்திலும் வான்கூவரிலும் சிட்னியிலும் அந்தக் கொழுக்கட்டைக்கு வரிசையில் நிற்கிற வெள்ளைக்காரர்களுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் தொட்டுக்கொள்ள சாஸ் கேட்கும் தைரியம் வந்திருக்காது.

என் வீட்டுக்காரருக்கு லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் வேலை. எனக்கு அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் உத்தியோகம். மதுரையிலிருந்து போய் இறங்கிய முதல் வாரம், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையிலிருந்து கொழுக்கட்டை வாசனை வந்தது. பிள்ளையார் சதுர்த்திக்கு இன்னும் பல மாதம் இருக்கிறதே என்று எட்டிப் பார்த்தேன். உள்ளே பூதம் மாதிரி ஒரு அலுமினியப் பாத்திரம். அதன் மூடியில் காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆள் நின்றிருந்தார். யாருக்கோ நெஞ்சுவலி வந்துவிட்டது என்று பதறிப்போனேன்.

"ஷ்ஷ்" என்றார் அவர். "உள்ள பேசுது."

அதுதான் மூடி மாமா. கொழுக்கட்டை வெந்துவிட்டதா என்பதை அவர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார், காதால் கேட்டுத்தான் சொல்வார். அவரைத் தவிர வேறு யாரும் அந்த மூடியைத் தொடக்கூடாது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் மாரியம்மன் கோயில் திருவிழா அழைப்பிலேயே மூடி என்றுதான் அச்சடித்தார்கள். அதைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டார்.

அரிசி மாவோடு மரவள்ளி மாவைக் கலந்து, உள்ளே டின் மீனையும் பச்சை மிளகாயையும் வதக்கி வைத்த கொழுக்கட்டை அது. சைவக்காரர்களுக்குச் சேம்பு இலையும் தேங்காயும். மதுரையில் இதைக் கொழுக்கட்டை என்று சொன்னால் பிள்ளையாரே கோபித்துக்கொள்வார். நான் முதலில் முகத்தைச் சுளித்தேன். இரண்டாவது வாரம் வரிசையில் முதல் ஆளாக நின்றேன்.

வரிசை என்றால் சாதாரண வரிசை இல்லை. ஒருநாள் தவுவா ஊருக்குப் போகிற பஸ்ஸின் டிரைவர் கொழுக்கட்டைக்குச் சொல்லிவிட்டு நிற்க, மாமா காதை வைத்தபடியே நின்றார். பஸ் நிறைய ஜனம், கோழி, கரும்பு வெட்டும் கத்தி, மூட்டை. எல்லாம் வெயிலில் காத்துக்கிடந்தன. ஒரு கிழவர் ஜன்னல் வழியாகக் கத்தினார். "மூடி! தொறந்து தொலைடா! என் பேரனுக்குக் கல்யாணம்!"

"கல்யாணத்துக்கு வேகாத கொழுக்கட்டைய எடுத்துட்டுப் போவியா? ஒக்காருய்யா!" என்றார் மாமா. கண்ணைத் திறக்கவே இல்லை.

இன்னொரு நாள் சுகாதார இன்ஸ்பெக்டர் வந்து, சோதனை போடுகிற பாவனையில் மூடியைத் தூக்கிவிட்டார். மாமா அந்த ஈடு முழுவதையும் கொட்டிவிட்டு, புதிதாகப் பிடித்து அடுக்கி, அது வேகும்வரை இன்ஸ்பெக்டரை முக்காலியில் உட்காரவைத்தார். வேறு வேலை இருக்கிறது என்று எழுந்தவரைச் சலோட்டே தோளைப் பிடித்து அமுக்கினாள்.

சலோட்டேயைச் சொல்லாமல் கடையைச் சொல்ல முடியாது. அவள் ஃபிஜிப் பூர்வகுடிப் பெண், ஆறடி உயரம், பக்கத்துக் கடலோரக் கிராமம். கொழுக்கட்டை ஓரத்தை அவள் மடிக்கிற அழகுக்கு நம் ஊர்ப் பெண்கள் பிச்சை வாங்க வேண்டும். இந்தி பேசுவாள், மாமாவோடு பழகியதில் தமிழும் வந்துவிட்டது. மாமாவை அதட்டுகிற ஒரே ஜீவன் அவள்தான். மாமாவுக்கு மனைவி இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டாள். செல்வி என்று ஒரே மகள். உதவிக்கு முனியன், பெருமாள் என்று இரண்டு பேர். இவ்வளவுதான் கடை.

எண்பத்தேழில், இந்திய வம்சாவளிக்காரர்கள் நிறைய இருந்த அரசைக் கவிழ்த்துவிட்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டில் துப்பாக்கியோடு சிப்பாய்கள் நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார்கள். மாமா ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தார். கேட்டால், "நான் கதவத் தொறக்கலியே, அடுப்பத்தானே மூட்டினேன்" என்றார். நான் அன்றைக்குப் பின்வாசல் வழியாக வாங்கப் போயிருந்தேன். டீச்சர் பையை யாரும் சோதிக்க மாட்டார்கள் என்பதால் ஒரு கைப்பையில் மறைத்து எடுத்துப்போக ஏற்பாடு.

ஒரு சிப்பாய் உள்ளே வந்துவிட்டான். சின்ன வயசு. மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பாத்திரத்தின் பக்கம் போய் மூடியில் கை வைத்தான்.

"கைய எடு!" என்றார் மாமா.

முனியன் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து சுற்றியது. சிப்பாய் மாமாவைப் பார்த்தான். மாமா மூடியைப் பார்த்தார். அப்போது சலோட்டே தன் பாஷையில் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தாள். அவன் அவளுடைய கிராமத்துப் பையனாம்; அவன் அம்மாவின் பெயர், அவன் சின்ன வயதில் படுக்கையை நனைத்தது உட்பட எல்லாம் அதில் வந்தது என்று அப்புறம் சொன்னாள். சிப்பாய் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். மாமா காது வைத்துக் கேட்டு, மூடியைத் தூக்கி, முதல் தட்டை அவனுக்கே கொடுத்தார். அவன் சாப்பிட்டுவிட்டு, "வினாக்கா" என்று நன்றி சொல்லிவிட்டுப் போனான்.

மாமா ஒரு வாரம் மார்தட்டினார். ஆனால் முனியன் அன்றைக்குப் பிறகு வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவே இல்லை. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஆக்லாந்துக்குப் போகப்போவதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அவன்தான் தின்னுட்டுப் போயிட்டானேடா! எதுக்குப் பயப்படுற?"

"அந்தப் பையன் பசியோட வந்தான் மாமா. அடுத்தவன் பசியில்லாம வந்தா?"

மடக்கிப் பேசினால் மாமா கத்துவார். கத்தினார்.

அங்கே ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் தெருவே லாரி பிடித்து நாந்தி விமான நிலையத்துக்குப் போகும். முனியனுக்கும் போனோம். மாமா வர மாட்டார் என்று நினைத்தோம். ஒரு மாவு மூட்டைச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். உள்ளே புத்தம்புது கொழுக்கட்டைப் பாத்திரம், அடுக்குத் தட்டுகளோடு. முனியன் காலில் விழுந்து எழுந்து, சாக்குக்குள் துழாவினான்.

"மாமா, மூடி?"

"மூடி என் கடையில இருக்கு. திரும்பி வந்து வாங்கிக்க."

அதிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. அடுத்து பெருமாள் வான்கூவர் போனான். அவனுக்கும் மூடியில்லாத பாத்திரம். பெருமாளுக்குப் பதிலாக வந்தவனும் போனான், அவனுக்குப் பதிலாக வந்தவளும் போனாள். மாமா ஆள் சேர்ப்பார், அடித்துத் திட்டிப் பழக்குவார், கை நன்றாகப் பழகிய மறுமாதம் விசா வந்துவிடும். கடைச் சுவரில் ஆணியடித்து மூடிகளை வரிசையாக மாட்டியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் பாத்திரக் கடை என்று நினைத்து விலை கேட்பார்கள். அவர்களுக்குக் கொழுக்கட்டை கிடையாது.

போனவர்கள் சும்மா இருக்கவில்லை. முனியன் ஆக்லாந்தில் ஒரு வண்டியில் ஆரம்பித்து, கடை வைத்தான். பெயர்ப்பலகையில் 'லவுத்தோக்கா' என்று எழுதினான். கடையில் விற்கிற எந்த மூடியும் அந்தப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று இரும்புச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு மேலே அம்மிக்குழவியை வைத்தான். பெருமாள் வான்கூவரில் வறுக்கிற தட்டும் செங்கல்லுமாகச் சமாளித்தான். அளவாக ஒரு மூடி செய்யச்சொல்லி வாங்க எத்தனை நேரம் ஆகும்? ஒருத்தன் வாங்கவில்லை. வாங்கினால் திரும்பிப் போக மாட்டோம் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். பத்திரிகைக்காரர்கள் கவிழ்த்த சட்டியைப் படம் பிடித்து, இது இவர்களுடைய பாரம்பரியம் என்று எழுதினார்கள்.

சந்தேகம் வந்தால் லவுத்தோக்காவுக்குப் போன் போடுவார்கள்.

"மாமா, மாவு வெடிச்சுப் போவுது. இங்க ரொம்பக் குளிரு."

"குளிருன்னு தெரியுதில்ல? ஏன் போன?" போனைப் படாரென்று வைப்பார். வைத்த கையோடு சலோட்டேயைக் கூப்பிட்டு, அவனுக்குத் திரும்பப் போட்டு, வெந்நீரில் பிசையச் சொல்லு என்பார்.

இரண்டாயிரத்தில் மறுபடி ஆட்சிக் கவிழ்ப்பு. அதற்குள் செல்விக்குத் தவுவாவில் கல்யாணமாகி, அவள் புருஷன் வீட்டுக் கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து நிலம் கைவிட்டுப் போயிருந்தது. அவர்கள் சிட்னிக்குக் கிளம்பினார்கள். மகளுக்காவது மாமா இளகுவார் என்று தெருவே பந்தயம் கட்டியது. நான் இளகுவார் பக்கம்.

நாந்தியில் செல்வி சாக்கைத் திறந்து பார்த்தாள். "அப்பா, எனக்குமா?"

"ஒனக்குந்தான்" என்றார் மாமா. திரும்பிப் பார்க்காமல் லாரியில் போய் ஏறிக்கொண்டார்.

நான் தோற்றேன். கோபம் வந்தது. கல்லுளிமங்கன் என்று என் வீட்டுக்காரரிடம் லவுத்தோக்கா வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தேன்.

செல்வி அப்பாவுக்கு மேல். சிட்னியில் கடை போட்டு, தனித்தனியாகக் கிடந்த முனியனையும் பெருமாளையும் மற்றவர்களையும் ஒரே பெயருக்குக் கீழே கொண்டுவந்தாள். ஒரே மாதிரிச் சட்டை, ஒரே மாதிரித் தட்டு. பெரிய அங்காடி ஒன்றில் தலைமைக் கடை திறக்கத் தேதி குறித்து அப்பாவைக் கூப்பிட்டாள். மாமா முடியாது என்றார். சுவரில் இத்தனை மூடி தொங்குகிறது, அவர்கள் வந்து எடுக்கட்டும் என்றார்.

அப்போதுதான் சலோட்டே மாவுக் கையோடு எழுந்து நின்றாள். அவளுடைய மகன் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து போனது அந்த வருஷம்தான்.

"மாமா, என் பையன் போனப்ப நான் பாய் முடைஞ்சு குடுத்தேன். அவன் அங்க நல்லாப் படுத்துத் தூங்கணும்னு. பாதிப் பாய் குடுத்து, மீதிக்கு வீட்டுக்கு வான்னு சொல்லல. நீ எல்லாருக்கும் பாதி குடுத்தே."

மாமா வழக்கம்போல் கத்தவில்லை. நான் அன்றைக்கு அங்கே விடைபெற்றுக்கொள்ளப் போயிருந்தேன். வீட்டுக்காரர் ஓய்வு பெற்று, நாங்களும் மகனோடு இருக்க சிட்னிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். மாமா சுவரைப் பார்த்தபடியே நின்றார். நான் சொல்லிக்கொண்டது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அடுத்த மாதம் மூடி மாமா முதன்முதலாக விமானம் ஏறினார். சிட்னியில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஃபிஜியிலிருந்து வருகிறவர் பெட்டியில் கிழங்கோ ஊறுகாயோ இருக்கும் என்பது அவர்கள் கணக்கு. திறந்தால் வேட்டி ஒன்று, மற்றதெல்லாம் மூடி.

"பாத்திரம் எங்கே?" என்று கேட்டாராம் அதிகாரி.

"பாத்திரமெல்லாம் இங்கதான் இருக்கு" என்றாராம் மாமா.

திறப்பு விழாவுக்குச் செல்வி என்னையும் அழைத்திருந்தாள். புதுக் கடையின் சமையலறையில், மாமாவை விட்டு ஓடியவர்கள் அத்தனை பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். முனியனுக்குத் தலை முழுக்க நரை. மாமா ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு மூடியைக் கையில் கொடுத்தார். முனியன் அதை வாங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தான்.

"மாமா கை கழுவிட்டாரு. இனிமே வராதேன்னு சொல்றாரு."

"வராதேன்னு சொல்லலடா, மடையா" என்றார் மாமா. "வரலன்னாலும் பரவால்லன்னு சொல்றேன்."

செல்வி அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு ஓரமாக நின்றேன்.

செல்வி அங்கே வாங்கி வைத்திருந்த கண்ணாடிக் கதவு போட்ட எஃகு அடுப்புகளை மாமா ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவளுடைய பழைய பாத்திரத்தை ஏற்றி, கொழுக்கட்டை அடுக்கி, மூடியைப் போட்டுக் காதை வைத்தார். சுற்றிலும் ஒரே சத்தம். பேரப்பிள்ளைகள் இந்தியிலும் இங்கிலீஷிலும் கத்திக்கொண்டு அவர் வேட்டியைப் பிடித்து இழுத்தார்கள். மாமா எதையும் கேட்கிற நிலையில் இல்லை என்று எனக்குத் தோன்றியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியைத் தூக்கினார்.

அவசரப்பட்டுவிட்டார். நடுவில் எல்லாம் பச்சை மாவு. வாயில் போட்ட உடனே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் வேகாத கொழுக்கட்டைக்காக அவரிடம் அடி வாங்கியவர்கள்தான் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார் மாமா.

"எப்பவும் போல மாமா" என்றான் முனியன். பல்லில் மாவு ஒட்ட ஒட்ட, நாங்கள் எல்லோரும் தட்டை நீட்டி இன்னும் இரண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டோம்.