லிட்டருக்கு இருபத்தைந்து

சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்கு அடுத்தபடியாக மனித குலம் செய்த பெரிய காரியம், எங்கள் நிறுவனத்தின் சின்னக் கார் லிட்டருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் ஓடும் என்று அறிவித்ததுதான். இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. மேற்படி நிறுவனத்தின் 'அன்றாட வாழ்க்கைப் பிரிவு' அதிகாரி என்ற முறையில் சொல்கிறேன்.

அந்த எண் வானத்திலிருந்து குதித்ததல்ல. அதற்கென்றே எங்களிடம் ஒரு நீண்ட அறை இருக்கிறது. தரையில் உருளைகள், உருளைகள்மேல் கார், எதிரே சாலைக் காற்றுக்குப் பதிலாக ஒரு மின்விசிறி. ஓட்டுபவரை நாங்கள் 'இறகு' என்று கூப்பிடுவோம். சோதனை நாளன்று அவருக்குக் காலைச் சாப்பாடு கிடையாது, கைக்கடிகாரம் கூடாது, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வர வேண்டும். கார் நின்ற இடத்தில் நின்றபடியே ஓடும். மேடு இல்லை, பள்ளம் இல்லை, குறுக்கே ஓடும் நாய் இல்லை. இதற்குப் பெயர் 'அன்றாட ஓட்டம்'.

தொல்லையெல்லாம் அந்த அறைக்கு வெளியே வாழ்கிறவர்களால்தான். அவர்களில் ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வீடு வீடாகப் போய், படுத்துக் கிடப்பவர்களுக்குப் பயிற்சி கொடுத்து நடக்க வைக்கும் பிசியோதெரபிஸ்ட் அம்மா.

"சார், வண்டி பதிமூணுதான் குடுக்குது. இருபத்தஞ்சுன்னு நம்பிக் கிளம்பி நடுரோட்டுல நின்னுடறேன். அங்க ஆளுங்க எனக்காகக் காத்துக்கிட்டுக் கிடக்கறாங்க. உண்மையா எவ்வளவு ஓடும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அதுக்குத் தக்கன நான் பாத்துக்கறேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வண்டியில ஒரு கோளாறும் இல்லம்மா. உங்க அன்றாட வாழ்க்கையிலதான் ஏதோ கோளாறு."

உடனே கூட்டம் கூட்டினோம். எண்ணைத் திருத்துவதா, அம்மாவைத் திருத்துவதா என்பதே பொருள். எண் ஏற்கெனவே விளம்பரப் பலகைகளில் ஏறிவிட்டது. அம்மா எதிலும் ஏறவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவருடைய வாழ்க்கையைச் சீர்திருத்த நான் நியமிக்கப்பட்டேன்.

மறுநாள் காலை அவர் வீட்டு வாசலிலேயே பணியைத் தொடங்கினேன். மாற்றுச் சக்கரத்தை இறக்கினேன். பயிற்சிப் பட்டைகள், தலையணைகள், மடக்குக் கட்டில் எல்லாவற்றையும் இறக்கினேன். ஏசியை அணைத்தேன். காற்று உள்ளே புகுந்து வண்டியைப் பின்னால் இழுக்காதபடி ஜன்னல்களை ஏற்றினேன்.

"அப்ப மிச்சம் இருக்கற சுமை நீங்க ஒருத்தர்தான் சார்" என்றார் அம்மா.

"நான் சுமையில்ல மேடம். மேற்பார்வை."

பெட்ரோல் போடப் போனபோதும் தடுத்தேன். தொட்டி நிறையப் போட்டால் அதுவும் பாரம்தானே? அடியில் கொஞ்சம் இருந்தால் போதும் என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"சீக்கிரம் சார். ஒரு தையற்காரர் வீட்டுக்குப் போகணும். பக்கவாதம் வந்து மாசக்கணக்கா படுக்கையில இருக்கறவரு. இன்னைக்குத்தான் முதல் தடவையா எழுந்து நிக்கப் போறாரு. நான் பிடிக்காம அவரால முடியாது."

பாலத்து இறக்கத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னேன். அணைத்தார். இருவரும் வியர்வையில் குளித்தபடி விஞ்ஞானபூர்வமாக உருண்டோம். அப்படியும் திரையில் சராசரி பதினாலைத் தாண்டவில்லை. பாலத்துக்கு அப்பால் பெட்ரோல் தீர்ந்து, வண்டி நின்றது.

இங்கேதான் வரலாறு திரும்புகிறது. அந்த வழியாக வந்த தண்ணீர் லாரிக்காரர் இரக்கப்பட்டுக் கயிறு கட்டினார். "தண்ணி ஊத்திக்கிட்டே போவேன், வழியில பங்க் வந்ததும் அவுத்து விட்டுடறேன்" என்றார். அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, கார் லாரிக்குப் பின்னால் நகர்ந்தது.

திரையைப் பார்த்த எனக்கு மெய் சிலிர்த்தது. பதினைந்து! பதினெட்டு! சொட்டுப் பெட்ரோல் செலவில்லாமல் கிலோமீட்டர் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு தெருவிலும் லாரி தண்ணீர் ஊற்றியது. ஒவ்வொரு தெருவிலும் எங்கள் எண் உயர்ந்தது. இருபத்திரண்டு!

"பங்க் வந்துருச்சு! நிறுத்தச் சொல்லுங்க சார்!"

நான் ஜன்னலை இறக்கினேன். தலையை வெளியே நீட்டி, லாரிக்காரரைப் பார்த்து, "போங்க, போங்க!" என்று கையை வீசினேன்.

"சார், அவரு காத்துக்கிட்டிருப்பாரு! உங்களுக்கு மனசே இல்லையா?"

"இன்னும் மூணே மூணு மேடம்!"

ஊரை ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த பங்க் வருவதற்குள் இருபத்தைந்து வந்துவிட்டது. திரையைப் படம் எடுத்தேன். அம்மா அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று என் அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன்.

தையற்காரர் வீட்டில் அவருடைய மனைவி வாசலில் நின்றிருந்தார். "உங்களயே பாத்துக்கிட்டிருந்தாரும்மா. வண்டிச் சத்தம் எது கேட்டாலும் நீங்கதான்னாரு. அப்புறம், அவங்க வரும்போது நானே நின்னு காட்டறேன்னு எழுந்தாரு. விழுந்துட்டாரு. இடுப்பு எலும்பு முறிஞ்சு போச்சு. இப்பதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க."

அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ எந்த ஆஸ்பத்திரி என்று அந்த மனைவியிடம் விசாரித்தார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

சம்பவத்துக்கு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. தையற்காரர் எங்கள் வாடிக்கையாளர் அல்ல என்பதையும் சுட்டிக்காட்டியது. இப்போது விளம்பரப் பலகைகளில் 'நிஜச் சாலையில் நிரூபிக்கப்பட்டது' என்ற வரி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. பாராட்டு விழாவில் எனக்கு மாலை போட்டு, அதே ரகத்தில் புத்தம் புதுக் கார் ஒன்றையும் பரிசளித்தார்கள். அதன் அருமை பெருமைகளைப் பற்றி நானே அரை மணி நேரம் பேசினேன்.

போன வாரம் என் மாமனாருக்குத் திடீரென்று நெஞ்சு வலி. மனைவி பதறிப்போய்க் கார் சாவியை என் கையில் திணித்தாள். நான் டாக்சியைக் கூப்பிட்டேன். உயிர் விஷயத்தில் விளையாட முடியுமா?