நாலு பிளக்கும் முத்து வெள்ளை

லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓட்டிக் காட்டும் வரை முகத்தை மழிப்பதில்லை என்று தை மாதத்தில் சபதம் செய்தான் ராஜ்மோகன். இப்போது ஆனி. தாடி நாலு விரற்கடை ஏறியிருந்தது. மைலேஜ் ஒரு கிலோமீட்டர்கூட ஏறவில்லை.

கார் அவனைவிடச் சில வருடமே இளையது. நாலு சிலிண்டர், ஒரு கார்பரேட்டர், கணக்கில்லாத இருமல். திட்டக்குடியில் ஒரு நெல் வியாபாரியிடம் வாங்கி வந்தான். வாங்கிய மறுவாரமே எஞ்சினை இறக்கி, மெக்கானிக் பக்கிரியின் பட்டறையில் பிஸ்டன், ரிங், வால்வு எல்லாம் புதிதாகப் போட வைத்தான். வேலை செய்தது பக்கிரி. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கொட்டாவி விட்டது ராஜ்மோகன். ஆனால் விருத்தாசலம் முழுக்க அவன் பரப்பிய செய்தி, "எஞ்சின் நானே கட்டினது."

கட்டி முடித்த எஞ்சினைப் பக்கிரி பதமாக டியூன் செய்து கொடுத்தார். அது அப்படியே இருந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. காற்றோடு பெட்ரோல் எவ்வளவு கலக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ஒரு சின்ன ஸ்க்ரூ கார்பரேட்டரில் இருக்கிறது. மூட மூடப் பெட்ரோல் குறையும். வாசலில் காரை நிறுத்தி, ராஜ்மோகன் அதை மூட ஆரம்பித்தான்.

"இப்பிடியே மூடிகிட்டுப் போனா கடைசில பெட்ரோலே வேணாமாங்க?" என்று கேட்டாள் அவன் மனைவி ஜெயஸ்ரீ.

"நர்ஸுக்கு ஊசியப் பத்தித் தெரியும். எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?"

ஜெயஸ்ரீ கருவேப்பிலங்குறிச்சியில் கிராம நர்ஸ். தினமும் காலையில் பஸ்ஸில் நசுங்கிப் போய், சாயங்காலம் நசுங்கி வருகிறவள். ஓட்டுநர் உரிமம் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. காரில் வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனால் சாவி ராஜ்மோகனின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது.

"பொம்பள கால் பட்டா ஆக்ஸிலேட்டரு பெட்ரோல உறிஞ்சிடும்" என்பான். எங்கே படித்தாய் என்று யாரும் கேட்டதில்லை. அவன் எதையும் படித்ததில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே பூரித்துப் போனான்.

ராஜ்மோகனுக்கு செராமிக் எஸ்டேட்டில் தரம் பிரிக்கும் வேலை. சூளையிலிருந்து வரும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைக் கையில் எடுப்பான். பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் ஃபஸ்ட் குவாலிட்டி. லேசாகப் பழுப்பு தட்டியிருந்தால் தூக்கி எறிவான். பதினாலு வருடமாக இதே கண், இதே கை. பிளக்கின் நடுவில் இருப்பதும் பீங்கான்தான். அது நாலிலும் முத்து வெள்ளையாக இருந்தது.

"ஏ ஜெயா, இங்க வா! பக்கிரி டியூன் பண்ணப்ப இதெல்லாம் காபித் தண்ணி கலர்ல இருந்துது. இப்ப பாரு! நாலும் ஃபஸ்ட் குவாலிட்டி!"

ஜெயஸ்ரீ ஒரு பிளக்கை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினாள். "என்னங்க இது, இப்பிடி வெளுத்துக் கெடக்குது? எங்க சென்டருக்கு வர்ற மாசமான பொண்ணுங்க கண்ண இழுத்துப் பாத்தா இப்பிடித்தான் இருக்கும். ஒடம்புல ரத்தம் இல்லன்னு மாத்திர குடுப்போம்."

"காருக்கும் சத்து மாத்திர குடுப்பியா?" என்று சிரித்தான். தானே சிரித்து முடித்தான். துணைக்கு யாரும் வரவில்லை.

எதிர் வீட்டுக் கொளஞ்சியப்பன் வந்தார். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தூரத்தை ஸ்டாப் கணக்கில் சொல்வார். அவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஜெயஸ்ரீ பேச்சை எடுத்தாள்.

"அண்ணே, ஒரு லிட்டர் பெட்ரோல பாட்டில்ல ஊத்தி எஞ்சின்ல மாட்டுவோம். மொதல்ல அவரு ஓட்டட்டும், அப்பறம் நான். யாரு அதிகம் போறாங்களோ, சாவி அவங்களுக்கு."

"தோத்துட்டா?" என்றான் ராஜ்மோகன்.

"சாகற வரைக்கும் பஸ்ஸுலயே போறேன். வாயத் தொறக்க மாட்டேன்."

வாயைத் திறக்காத மனைவி! ராஜ்மோகன் உடனே கை அடித்தான். அடுத்த ஞாயிறு போட்டி.

சனிக்கிழமை அவன் குளித்துக்கொண்டிருந்தபோது கதவுக்கு வெளியே ஜெயஸ்ரீ போனில் பதறும் குரல் கேட்டது.

"பக்கிரி அண்ணே, எனக்கு ஒரே பயமா இருக்குது. என் மொற வர்றப்ப யாராச்சும் அந்த ஸ்க்ரூவ அரைச் சுத்து தொறந்துட்டா என்னாவும்? ... ஐயையோ! மொத்தப் பெட்ரோலயும் குடிச்சிடுமா? ... அரைச் சுத்துக்கே அப்பிடியா? அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணே!"

ராஜ்மோகன் தலையில் ஊற்ற வேண்டிய தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டு நின்றான். இவ்வளவு கெட்டிக்காரியான மனைவிக்குக் குரலைத் தாழ்த்தத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டான்.

ஞாயிறு காலை. ராஜ்மோகன் ஓட்டினான். பின் சீட்டில் கொளஞ்சியப்பனும் ஜெயஸ்ரீயும். உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஏறியதுமே கார் தும்மியது. மேட்டில் ஏற மறுத்தது. அவன் ஆக்ஸிலேட்டரை மிதித்த மிதியில் செருப்பு வார் அறுந்தது.

"தம்பி, டிராக்டரு தாண்டிப் போவுது" என்றார் கொளஞ்சியப்பன்.

"எக்கனாமி ஸ்பீடுண்ணே."

"இப்ப மாட்டு வண்டி தாண்டுது."

மங்கலம்பேட்டை கண்ணில் படுவதற்குள் கார் நின்றது. கொளஞ்சியப்பன் மீட்டரைப் பார்த்தார். "ஒம்பது புள்ளி எட்டு. ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே எறக்கி வுட்டுட்டியே."

எதிர்க்காற்று என்றான் ராஜ்மோகன். ரோட்டோரப் புளியமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. டிக்கியில் வைத்திருந்த கேனிலிருந்து ஊற்றி வீடு திரும்பினார்கள்.

புதிதாக ஒரு லிட்டர் பாட்டிலில் ஏறியது. "அண்ணனுக்குத் தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று ஜெயஸ்ரீ உள்ளே போனாள். கொளஞ்சியப்பன் பீடி பற்றவைக்கத் திரும்பினார். ராஜ்மோகன் பானெட்டுக்குள் தலையை விட்டான். தெரு முழுக்க நேர்மையைப் பற்றிப் பேசுகிறவன், ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அரைச் சுற்று திறந்தான்.

ஜெயஸ்ரீ வண்டியை எடுத்தாள். கார் தும்மவில்லை. இருமவில்லை. அவள் கால் பட்டும் படாததுமாக இருக்க, அது வழுக்கிக்கொண்டு போனது. மேட்டில் ஏறியது. டிராக்டரைத் தாண்டியது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்த ராஜ்மோகன் பாட்டில் காலியாகும் நொடிக்காகக் காத்திருந்தான். மங்கலம்பேட்டை வந்தது. கடைத்தெரு போனது. ஊரே பின்னால் போய்விட்டது.

"பதினஞ்சு புள்ளி ஆறு!" என்று கத்தினார் கொளஞ்சியப்பன். "ஏம்மா, நீ எக்ஸ்பிரஸ்ஸும்மா!"

ராஜ்மோகனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ சூழ்ச்சி நடந்திருக்கிறது என்று மட்டும் தோன்றியது. ஆனால் சூழ்ச்சி செய்தவன் அவன்தானே! யாரிடம் போய் முறையிடுவான்?

திரும்பும் வழியில் ஜெயஸ்ரீ காரைப் பட்டறையில் நிறுத்தினாள். பக்கிரி ஒரு பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். வெள்ளை போய் லேசாகக் காபி நிறம் ஏறியிருந்தது.

"இப்பதாம்மா சரியா இருக்குது. போன வாரம் கொண்டாந்து காட்டுனியே, அது பெட்ரோல் பத்தாம வெந்து வெளுத்துப் போன பிளக்கு. வெள்ளையா இருந்தா எஞ்சினு பட்டினி கெடக்குதுன்னு அர்த்தம். வண்டி இழுக்காது, இவரு இன்னும் மிதிப்பாரு, பெட்ரோலு இன்னும் போவும். இப்பிடியே வுட்டிருந்தா பிஸ்டன் ஓட்டையாயிருக்கும். நான் சொன்ன மாதிரியே அரைச் சுத்து தொறந்துட்ட போலருக்குது?"

"நான் தொடவே இல்லண்ணே" என்றாள் ஜெயஸ்ரீ.

ராஜ்மோகன் அவசரமாக வானத்தைப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்து நீட்டினான். முடிச்சு அவிழ வெகு நேரம் ஆனது. அத்தனை நேரமும் ஜெயஸ்ரீ கையை நீட்டியபடி பொறுமையாக நின்றாள். பிறகு அவன் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"சமையக்கட்டு ஜன்னல்லேர்ந்து பாத்துகிட்டேதாங்க இருந்தேன். எங்க நீங்க முழுச் சுத்தும் சுத்திடுவீங்களோன்னு பயந்தே போயிட்டேன்."